320-க்கு மாற்றியும் வானொலிப் பதிவு மங்கலாக இருக்கிறதா?
வணக்கம். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற தரவு அளவு) ஏஏசி பிளஸ் (ஒலியைச் சுருக்கும் ஒரு முறை) இணைய வானொலியைப் பதிவு செய்து, 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கியும் ஒலி மங்கலாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாற்றமே தேவையில்லை. ஏஏசியாகச் சுருக்கும்போதே போன ஒலி திரும்ப வராது. எம்பி3 ஆக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். கோப்பு மட்டும் வீங்கும்: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 மெகாபைட் இருந்தது 144 மெகாபைட் ஆகிவிடும்.

விஎல்சி பிளேயரில் கோப்பை மாற்றிச் சேமிக்கும் இடத்தில் 'டம்ப் ரா இன்புட்' என்று ஒரு வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் வானொலி ஓடை (ஸ்ட்ரீம்) வந்தபடியே சேமிக்கப்படும். அப்புறம் எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருளில் கோடெக்கை (சுருக்கும் முறையை) 'காப்பி' என்று கொடுத்து எம்4ஏ கோப்பு ஆக்குங்கள். மறுபடி சுருக்காததால் நொடிகளில் முடிந்துவிடும், ஆண்ட்ராய்டு போனிலும் நேராகப் பாடும்.

எம்பி3 மட்டுமே பாடும் பழைய கார் ஸ்டீரியோ என்றால் எம்பி3 ஆக்குவது சரி, 128 கேபிபிஎஸ் போதும். ஆனால் மூலக் கோப்பைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.