ஒட்டகச் சிள்வண்டுகள் மரத்திலும் வாழுமா?

கேள்வி: ஒட்டகச் சிள்வண்டு என்றால் குகையில் வாழும் பூச்சி என்றே படித்திருக்கிறேன். மரத்தில் வாழும் வகை உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில் காணப்படும் காமரோடெட்டிக்ஸ் என்னும் பேரினம் அப்படிப்பட்டது. 1888-இல் புருன்னர் என்ற பூச்சியியலாளர் இதற்குப் பெயரிட்டார்.

இதன் குடும்பமான ராஃபிடோஃபோரிடேயைச் சேர்ந்த பெரும்பாலான பூச்சிகள் குகை, கல்லடி, அழுகும் மரக்கட்டை, வீட்டு நிலவறை என ஈரமும் இருளும் உள்ள இடங்களையே நாடும். காமரோடெட்டிக்ஸோ ஓக் மரங்களிலும் குன்றுகளின் புதர்க்காடுகளிலும் வாழ்கிறது. என்னை மிகவும் கவர்வது இந்த விலகல்தான். ஏனெனில் மரமேறினாலும் உடலமைப்பு குடும்பத்தை விட்டுப் போகவில்லை: கூன் விழுந்த முதுகு, நீண்ட உணர்கொம்புகள், தாவுவதற்கேற்ற பின்னங்கால்கள். வளர்ந்த பிறகும் சிறகு முளைப்பதில்லை. சாதாரணச் சிள்வண்டு சிறகுகளை உரசித்தான் பாடுகிறது. சிறகே இல்லாத இதற்குப் பாட்டும் இல்லை. முன்னங்காலில் செவியும் கிடையாது. ஆகவே இரவில் ஒலியைப் பின்தொடர்ந்து இதைத் தேட முடியாது. கிளைக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்துக் கோலால் தட்டிப் பார்ப்பது நல்ல வழி.

பெண்ணின் உடல் நுனியில் நீட்டிக்கொண்டிருப்பது முட்டையிடும் உறுப்பு. அதைக் கொடுக்கு என்று அஞ்ச வேண்டாம்.

நியூசிலாந்தின் மர வேட்டா என்னும் பூச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு குடும்பம். அதற்குக் காலில் செவி உண்டு, ஒலியும் எழுப்பும்.