கேட்டதும் சொன்னதும்: ஸ்பார்ட்டா பாடிய காலம்

(பண்டைக் கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவைப் பற்றி, ‘ஸ்பார்ட்டாக்காரர்களுக்குப் பாட்டும் தெரியும்’ என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளில் சில.)

கே: வாளும் கேடயமும் தவிர வேறெதுவும் அறியாத ஊர் என்றுதானே பள்ளியில் படித்தோம்? அங்கே ஏது கவிதை?

ப: நானும் அப்படித்தான் படித்தேன். அதையே இருபது வருடம் வகுப்பில் சொல்லியும் கொடுத்தேன். என் மாணவர்கள் மன்னிக்கட்டும். ஆல்க்மனின் பாடல்கள் என் கைக்கு வந்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான்.

ஆல்க்மன் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்காரர். ஸ்பார்ட்டாவின் கன்னிப்பெண்கள் கூடி ஆடிப் பாடுவதற்குப் பாட்டுக் கட்டியவர். அப்படி ஒரு பாட்டு 1855இல் எகிப்தின் சக்காராவுக்கு அருகே பாப்பிரஸ் ஏட்டில் கிடைத்தது. ஏடு இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேறியது ஏறக்குறைய நூறு வரி, அதிலும் பல வரிகள் பிய்ந்தவை. பாடும் பெண்கள் தங்கள் தலைவி ஹாகெசிகோராவின் கூந்தலைக் கலப்பில்லாத பொன் என்கிறார்கள். அகிதோ என்பவளின் ஒளியைச் சூரியனுக்கு நிகராக வைக்கிறார்கள். இருவரையும் பந்தயக் குதிரைகளாக்கி ஓடவிட்டும் பார்க்கிறார்கள். தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ‘உத்தரத்தில் உட்கார்ந்து வீணாய்க் கத்துகிற ஆந்தை நான்’. பாசறை என்று நாம் முத்திரை குத்திய ஊரில் பெண்பிள்ளைகள் தங்களையே கேலி செய்துகொண்டு சிரித்திருக்கிறார்கள்.

இன்னொரு துண்டில் ஆல்க்மன் பருவங்களை எண்ணிக்கொண்டே வந்து, வசந்தத்தில் நிற்கிறார்: எல்லாம் பூக்கும், ஆனால் வயிறாரச் சாப்பிட ஒன்றும் இருக்காது. பசி அறிந்தவன் எழுதிய வரி.

எனக்கு மிகப் பிடித்தது உறக்கப் பாட்டு. மலைமுகடுகள் உறங்குகின்றன, பள்ளத்தாக்குகள் உறங்குகின்றன, தேனீக்கள், ஆழ்கடலின் பெரும் பிராணிகள், நீண்ட சிறகுப் பறவைகள் எல்லாம் உறங்குகின்றன. ‘ஓர் யான் மன்ற துஞ்சாதேனே’ என்று குறுந்தொகைத் தலைவி முடிப்பதுபோல இங்கேயும் ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துண்டு அங்கேயே அறுந்துபோகிறது. இதுவும் பிழைத்தது, ஹோமரின் சொற்களுக்கு அகராதி செய்த ஒருவர் மேற்கோள் காட்டி வைத்ததால்தான்.

போர்ப்பாட்டு இல்லாமலில்லை. முன்வரிசையில் நின்று நாட்டுக்காக விழுவதே அழகு என்று டிர்ட்டேயஸ் பாடினார். கம்பீரம்தான். ஆனால் ஆந்தைக்கு ஈடாகாது.

கே: சுருக்கமான பேச்சைக் குறிக்கும் ‘லக்கோனிக்’ என்ற ஆங்கிலச் சொல் ஸ்பார்ட்டாவிலிருந்து வந்ததா?

ப: ஆம். ஸ்பார்ட்டா இருந்த நிலப்பகுதி லக்கோனியா. ‘நான் உள்ளே நுழைந்தால்...’ என்று மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் மிரட்டினாராம். ‘ஆல்’ என்று பதில் போனதாம். கிரேக்கத்தில் அது தனிச்சொல். நமக்கோ விகுதியாகப் போய் ஒட்டிக்கொள்வதால் அடியின் வேகம் பாதிதான் தெரிகிறது.

கே: கேடயத்தோடு வா, இல்லையேல் கேடயத்தின் மேல் வா என்ற ஸ்பார்ட்டாத் தாயும் நம் புறநானூற்றுத் தாயும் ஒன்றுதானே?

ப: ஒன்றுபோலத் தெரியும். முன்னொரு நாள் அண்ணனையும் நேற்றுக் கணவனையும் போரில் இழந்தவள், இன்று பறை கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி வேல் கொடுத்து அனுப்புகிறாள். அதைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் ஒரு பெண். ஸ்பார்ட்டாத் தாயின் பேச்சோ புளுடார்க்கின் பெயரில் வரும் ஒரு தொகுப்பில் இருக்கிறது. புளுடார்க் வேற்றூர் ஆண். ஸ்பார்ட்டா ஓய்ந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனபிறகு வந்தவர். பாரசீகரை எதிர்த்து ஸ்பார்ட்டா வீரர்கள் மாண்ட தெர்மோபிலேயின் கல்லறைக் கவிதையும் சிமோனிடிஸ் எழுதியது என்பார்கள். அவரும் கியாஸ் தீவுக்காரர். நாம் ஸ்பார்ட்டாவின் குரல் என்று கேட்பதில் பெரும்பகுதி அடுத்த வீட்டுக்காரர்கள் சொன்னது.

கே: அப்புறம் ஏன் பாட்டு நின்றுபோயிற்று?

ப: பாடுவது நிற்கவில்லை. புதிதாய்க் கட்டுவதுதான் நின்றது. கி.மு. 371இல் லூக்ட்ரா போரில் இன்னொரு கிரேக்க நகரமான தீப்ஸிடம் ஸ்பார்ட்டா தோற்றபோது, களத்திலிருந்த ஏறக்குறைய 700 ஸ்பார்ட்டாக் குடிமக்களில் 400 பேர் மாண்டார்கள். செய்தி வந்த நாள் ஜிம்னோபீடியா விழாவின் கடைசி நாள். அரங்கில் ஆண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். எபோர்கள் என்ற ஆட்சியாளர்கள் பாட்டை நிறுத்தவில்லை. இறந்தவர் பெயர்களை வீடுகளுக்குச் சொல்லி அனுப்பி, பெண்கள் ஓலமிடக் கூடாது என்றார்கள். மறுநாள் மகனைப் பறிகொடுத்தவர்கள் முகம் மலர்ந்து தெருவில் வந்தார்கள். மகன் பிழைத்த வீட்டார் தலைகுனிந்து போனார்கள். இதை எழுதிய செனஃபோன் ஸ்பார்ட்டாவை மெச்சுகிறவர். எனக்கு வயிறு பிசைந்தது. பாட்டுக்காரர் கையிலிருந்த பாட்டு அதிகாரிகள் கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதோடு சேர்த்துப் படிக்க இன்னொன்று. ஸ்பார்ட்டாவுக்கு உழுது சோறு போட்ட அடிமைகள் ஹெலட்டுகள். தீப்ஸ் படை லக்கோனியாவுக்குள் வந்து, பிடிபட்ட ஹெலட்டுகளிடம் டெர்பாண்டர் என்ற இன்னொரு பழைய கவிஞர், ஆல்க்மன் இவர்களின் பாட்டுகளைப் பாடச் சொன்னது. ‘எசமானர்களுக்குப் பிடிக்காது’ என்று மறுத்துவிட்டார்கள். அச்சமா, குத்தலா? நான் இரண்டாவதன் பக்கம்.

கே: ஏதென்ஸை ஒரு பாட்டு காப்பாற்றியது என்பது கதையா?

ப: புளுடார்க் சொல்வதுதான். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடமும் அதன் கூட்டாளிகளிடமும் தோற்றுக் கிடந்த ஏதென்ஸைத் தரைமட்டமாக்கி ஆட்டு மேய்ச்சல் நிலமாக்கலாம் என்று ஒரு தீப்ஸ்காரர் யோசனை சொன்னார். அன்று விருந்தில் போக்கிஸ் நாட்டவர் ஒருவர் ஏதென்ஸ் நாடகக் கவி யூரிப்பிடிஸின் ‘எலெக்ட்ரா’விலிருந்து முதல் கூட்டுப்பாடலைப் பாட, வென்றவர்கள் மனம் இளகிவிட்டதாம். ஏதென்ஸை விட்டுவைத்தது மட்டும் வரலாறு. அதில் அரசியல் கணக்கும் இருந்தது.

கே: ஸ்பார்ட்டாவுக்குப் போயிருக்கிறீர்களா? பார்க்க என்ன இருக்கிறது?

ப: ஒருமுறை, ஏப்ரலில். இன்றைய ஊர் 1834இல் புதிதாக எழுப்பியது. தெருமுனையில், தெர்மோபிலேயில் மாண்ட மன்னர் லியோனிடஸ் சிலை, படம் எடுக்க வரிசை. பழைய கோட்டைமேடு ஊருக்கு வெளியே ஒலிவ மரங்களுக்கு நடுவே. அங்குள்ள அரங்கமும் ரோமானியர் காலத்தது. இந்த ஊர் பாழாகி அடித்தளம் மட்டும் மிஞ்சினால் இதன் வலிமையைப் பின்னால் வருகிறவர்கள் நம்பமாட்டார்கள் என்று ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அன்றே எழுதியது சரிதான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்ற கிரேக்கப் பயண எழுத்தாளர் இங்கே ஆல்க்மனின் கல்லறையைப் பார்த்திருக்கிறார். லக்கோனியப் பேச்சு காதுக்கு இனிக்காதது, ஆனாலும் அவர் பாட்டின் அழகை அது கெடுக்கவில்லை என்று சான்றும் கொடுத்திருக்கிறார். அந்தக் கல்லறையைத் தேடினேன், அகப்படவில்லை. டைகெட்டஸ் மலையில் இன்னும் பனி இருந்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அந்த நூறு வரியையும் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் படுத்திருந்த நாய் ஆந்தை வரிவரைக்கும் பொறுத்துக்கொண்டது. அப்புறம் எழுந்து போய்விட்டது.