ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் ‘பிக் டைம்’ என்று சேர்க்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

ஏதோ அலுவலக மின்னஞ்சலில் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கத் தயங்கி இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ‘ரொம்ப’, ‘ஏகத்துக்கும்’ என்று நாம் அழுத்திச் சொல்வதுதான். ‘ஹி மெஸ்ட் அப் பிக் டைம்’ என்றால் ஏகத்துக்கும் சொதப்பிவிட்டான். ‘ஐ ஓ யூ பிக் டைம்’ என்றால் உங்களுக்கு ரொம்பவே கடன்பட்டிருக்கிறேன்.

இந்த இரண்டு சொல்லால் எங்கள் குழுவின் உழைப்பு கணக்கில் வராமலே போனது. அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் படுத்துவிட்டது. விடிய விடிய உட்கார்ந்து எழுப்பினோம். மறுநாள் அவர் ‘யூ கைஸ் சேவ்ட் அஸ் பிக் டைம்’ என்று எழுதினார். பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றினீர்கள் என்று மனமார நன்றி சொல்கிறார் மனிதர். எங்கள் மேலாளரோ மாத அறிக்கையில் ‘நேரம் மிச்சம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். “டைம்னா டைம்தானேப்பா, நீ புதுசா இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருட மதிப்பீட்டில் அந்த இரவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

‘சேவ்ட்’ பக்கத்தில் இருந்தால் யாருக்கும் குழப்பம் வரும் என்று சிலர் பின்னூட்டத்தில் சொல்வீர்கள். வரட்டும், அதில் தப்பில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், சொன்னவனைச் சிரித்து உட்காரவைப்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நேரம் மிச்சமானதாகச் சொல்ல நினைத்திருந்தால் அந்த வாடிக்கையாளர் ‘எ லாட் ஆஃப் டைம்’ என்று எழுதியிருப்பார்.

சொல் பிறந்தது அமெரிக்க மேடையில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாட்வில் என்ற பல்சுவை நிகழ்ச்சிகள் அமோகமாக நடந்தன. நாளுக்கு இரண்டே காட்சி, நல்ல சம்பளம் என்றிருந்த பெரிய அரங்குகள் ‘பிக் டைம்’. அதைவிட அதிகக் காட்சிகளில் ஆடவைத்துக் குறைவாகக் கொடுத்தவை ‘ஸ்மால் டைம்’. ‘ஹிட் த பிக் டைம்’, அதாவது பெரிய இடத்துக்கு வந்துவிட்டான் என்பது அங்கிருந்து வந்ததுதான். அழுத்தச் சொல்லாக மாறியது பிற்பாடு. தனியாகவும் வரும். 2000 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரச்சாரத்தில், மைக் வேலை செய்வது தெரியாமல் ஜார்ஜ் புஷ் ஒரு பத்திரிகையாளரைத் திட்ட, பக்கத்திலிருந்த துணை அதிபர் வேட்பாளர் டிக் செனி ‘பிக் டைம்’ என்று ஆமோதித்தது செய்தியானது.

பேச்சிலும் நண்பர்களுக்கு எழுதும்போதும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேலை விண்ணப்பத்தில் வேண்டாம்.