முதலில் கீயை மாற்றுங்கள், ஹிஸ்டரி அப்புறம்

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும், ஆன்லைனில் பணம் வாங்க உதவும் ரேசர்பே சேவையின் கீயும் (நுழைவுக் குறியீடு) இருந்த .என்வி என்ற அமைப்புக் கோப்பு, கோடு சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய ரெப்போவில் (கோடு களஞ்சியம்) ஏறிவிட்டது. மறுநாள் அதை அழித்து கமிட் (மாற்றத்தைப் பதிவு) செய்துவிட்டேன். காட்பாடியில் தெரிந்த ஒருவர், "ஹிஸ்டரியை, அதாவது பழைய பதிவுகளை, சுத்தமாகத் துடைத்துத் தருகிறேன், எட்டாயிரம் ஆகும், லாகின் கொடு" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. பணத்தையும் கொடுக்காதீர்கள், லாகினையும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அழித்தது இன்றைய கோப்பை மட்டும்தான். பழைய கமிட் அப்படியே இருக்கிறது. டெர்மினலில் 'கிட் லாக் -பி -- .என்வி' என்று தட்டிப் பாருங்கள், உங்கள் பாஸ்வேர்டு எழுத்து மாறாமல் வந்து நிற்கும். பொது ரெப்போக்களில் கீ தேடுவதற்கென்றே இரவு பகலாக ஓடும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) உண்டு. ஒரு நாள் முழுக்க வெளியே கிடந்த கீ களவு போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டைத்தான் மாற்றுவோம், தெருவைக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆகவே இன்றே டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரேசர்பே டாஷ்போர்டில் புதிய கீ எடுத்து, பழையதைச் செயலிழக்கச் செய்யுங்கள்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரேசர்பே இரண்டு கொடுக்கும்: கீ ஐடி, கீ சீக்ரெட். ஐடி என்பது பணம் கட்டும் பக்கத்திலேயே, வாடிக்கையாளரின் பிரவுசரிலேயே தெரியும். அது வெளியே போனதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். சீக்ரெட் அப்படியல்ல. அதுவும் ஐடியும் ஒருவர் கைக்குக் கிடைத்தால், வாங்கியவர்களின் போன் நம்பரைப் பார்க்கலாம், கட்டிய பணத்தை ரீஃபண்ட் போடலாம். ஐடி 'ஆர்இசட்பி_டெஸ்ட்' என்று தொடங்கினால் அது சோதனைக் கீ, அசல் பணம் அதில் ஓடாது. 'லைவ்' என்றிருந்தால் ஏற்றிய நாளிலிருந்து ரீஃபண்ட் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள்.

சரி, அந்த எட்டாயிரத்துக்கு வருவோம். அவர் ஓட்டப்போவது 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற இலவசக் கருவி. '--இன்வர்ட்-பாத்ஸ் --பாத் .என்வி' என்று சேர்த்தால் ஒரே வரி. வேலை முடிந்ததும் ஆரிஜின் என்ற கிட்ஹப் இணைப்பை அதுவே கழற்றிவிடும். பயப்படாமல் திரும்பச் சேர்த்து '--ஃபோர்ஸ்' போட்டு புஷ் செய்யுங்கள், அதாவது கிட்ஹப்புக்கு ஏற்றுங்கள். யாராவது ஏற்கெனவே குளோன் செய்து முழு நகல் எடுத்திருந்தால் அங்கே கீ இருக்கத்தான் செய்யும். அதை அந்த ஆளாலும் துடைக்க முடியாது. அவருக்கு உண்மையில் வேண்டியது உங்கள் லாகின். அது கையில் இருந்தால், நீங்கள் மூடி வைத்த ரெப்போக்களில் உள்ள கோடும் அடுத்த கடைக்குப் போகும், வேறு பெயரில். இறுதியாண்டு ப்ராஜெக்ட் விற்கிற இடங்களில் ஒரே கோடு, அதே கீயோடு, பல மாணவர்கள் கைக்குப் போவதைப் பார்த்து நொந்திருக்கிறேன். பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைக் கையால் எழுதவைக்க லேபில் நேரம் இருக்கிறது, ஒரு மணி நேரம் கிட் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லையா?

கிட் சேர்க்கக் கூடாத கோப்புகளைப் பட்டியலிடும் .கிட்இக்னோரில் .என்வி என்று எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே டிராக் ஆகிற, அதாவது கிட் கண்காணித்துவரும், கோப்பை அது தடுக்காது. .என்வி எந்த ரெப்போவிலாவது இன்னும் டிராக் ஆகிக்கொண்டிருந்தால், 'கிட் ஆர்எம் --கேச்டு .என்வி' கொடுத்து கமிட் செய்யுங்கள். 2024 முதல் பொது ரெப்போக்களுக்கு கிட்ஹப்பே புஷ் பாதுகாப்பு வைத்திருக்கிறது, ஆனால் அது அடையாளம் தெரிந்த வடிவக் கீகளைத்தான் பிடிக்கும். நீங்களே வைத்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதன் கண்ணில் படாது.

கடைக்காரரிடம் நடந்ததை இன்றே சொல்லிவிடுங்கள். ரேசர்பே கணக்கு உங்கள் பெயரிலோ உங்கள் மின்னஞ்சலிலோ இருந்தால், கையோடு அதையும் அவர் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.