ஊதாக் கரட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு நகரில் ஒரு சுப்பர் மார்க்கட்டில் ஊதா, மஞ்சள், சிவப்புக் கரட் கலந்த பக்கட் கண்டேன். சாதாரணக் கரட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விலை. 'கண்ணுக்கு நல்லது' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஆறு வயது மகளுக்கு வாங்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மகளின் கண்ணுக்காக என்றால் அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம், தங்கச்சி. சந்தையில் குவித்து விற்கும் செம்மஞ்சள் கரட்டே போதும்.

கண்ணுக்கு வேண்டியது விற்றமின் ஏ. கரட்டில் அது நேராக இல்லை. பீட்டா கரோட்டின், அல்பா கரோட்டின் என்ற நிறப்பொருட்களை நம் உடல்தான் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. இந்த இரண்டும் நிறைந்திருப்பது செம்மஞ்சள் கரட்டில். சமைக்காத செம்மஞ்சள் கரட் 100 கிராமில் பீட்டா கரோட்டின் சுமார் 8 மில்லிகிராம், அல்பா சுமார் மூன்றரை. உங்கள் மகளின் வயதுக்கு ஒரு நாளுக்கு 400 மைக்ரோகிராம் விற்றமின் ஏ போதும். நடுத்தரக் கரட் ஒன்றே அதைத் தந்துவிடும்.

சிவப்புக் கரட்டின் நிறம் பெரும்பாலும் லைக்கோபீன், தக்காளியில் இருப்பதுதான். நல்ல பொருள், ஆனால் விற்றமின் ஏ ஆக மாறாது. அந்தக் கரட்டில் கூடவே இருக்கும் பீட்டா கரோட்டின்தான் அதைத் தருகிறது. மஞ்சள் கரட்டில் முக்கியமாக லுட்டீன். அதுவும் விற்றமின் ஏ ஆகாது. விழித்திரையின் நடுப்பகுதியில் லுட்டீன் சேர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் முருங்கையிலையிலும் பொன்னாங்காணியிலும் கிடைப்பதற்கு ஏன் இவ்வளவு விலை கொடுக்க வேண்டும்? ஊதா நிறம் கரோட்டின் குடும்பமே இல்லை. அது அந்தோசயனின், தண்ணீரில் கரையும், கறியையும் நிறம் மாற்றிவிடும். ஊதாக் கரட்டைக் குறுக்கே வெட்டும்போது நடு செம்மஞ்சளாக இருந்தால் அங்கே கரோட்டின் உண்டு. மூன்று நிறங்களையும் ஒரே 'கண்ணுக்கு நல்லது' என்ற வரிக்குள் அடைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் நியாயம் அல்ல. அந்த நிறங்கள் பிடித்திருக்கின்றன, பிள்ளை ஆசையாகச் சாப்பிடுகிறாள் என்றால் வாங்குங்கள், அது வேறு கதை.

நிறத்தைவிடச் சமையலைக் கவனியுங்கள். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். பச்சையாகக் கடித்தால் அதில் பெரும்பங்கு உடலில் சேராமலே போய்விடும். துருவித் தேங்காய்ப்பூவோடு சம்பலாக்கினாலும், தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறியாக அவித்தாலும் கூடுதலாகச் சேரும். வீட்டில் வழமையாகச் செய்கிற பால்கறிதான், தங்கச்சி, இதற்கு மிகப் பொருத்தம்.

கேள்வி: கல்முனைச் சந்தையில் வாங்கிய கரட்டில் சில வெளிறிப்போய், தலைப்பக்கம் பச்சையாக இருந்தன. பழைய சரக்கா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: வெளிறியது பழையது என்று அர்த்தமில்லை. இளசாகப் பிடுங்கினால் நிறம் குறைவு. கிழங்கு முற்ற முற்றத்தான் கரோட்டின் கூடும். வெப்பமான இடத்தில் விளைந்தாலும் வெளிறும். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கரட் நல்ல நிறமாக வருவதற்கு அங்குள்ள குளிர் ஒரு காரணம். தலையில் பச்சை என்றால் அந்தப் பகுதி மண்ணுக்கு மேலே வெயில்பட்டு வளர்ந்திருக்கிறது. சற்றுக் கசக்கும், அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். பழசா என்று அறிய நிறத்தைப் பார்க்காதீர்கள், லேசாக வளைத்துப் பாருங்கள். புதிய கரட் படக்கென்று முறியும், வாடியது றப்பர்போல் வளையும். ஒரே விலை கேட்டால் கடும் நிறமானதைத் தெரிந்தெடுங்கள், வியாபாரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: தினமும் கரட் ஜூஸ் குடிக்கும் அம்மாவுக்கு உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மிதமிஞ்சிய கரோட்டின் தோலில் படிவதால் அப்படி ஆகும். ஆபத்தில்லை, ஜூஸைக் குறைத்தால் சில வாரங்களில் மெல்ல மறையும். அம்மாவின் கண்ணின் வெள்ளையை மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். அதுவும் மஞ்சளாக இருந்தால் கரட் காரணமில்லை, செங்கமாரியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.