சேல்ஸ்ஃபோர்ஸ் ஆர்டர்களை எக்செல் வரைபடத்துடன் நேரடியாக இணைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் விற்பனைக் கணக்கைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஆர்டர்கள் எல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் இணையவழி விற்பனை மென்பொருளில் பதிவாகின்றன. தினமும் காலையில் அவற்றைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செல்லில் ஒட்டி, வரைபடங்களைப் புதுப்பிக்கிறேன். மதியத்துக்குள் அந்த எண்கள் பழசாகிவிடுகின்றன. ஐந்து கணினிகளில் இந்தக் கோப்பைப் பார்க்கிறார்கள். வரைபடங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளுமாறு செய்ய முடியுமா?

பதில்: முடியும். எக்செல் 2016 முதல் வெளியிலிருந்து தரவை இழுத்துவரும் பவர் குவெரி என்னும் வசதி அதனுள்ளேயே இருக்கிறது. 'டேட்டா' பட்டியில் 'கெட் டேட்டா', அதற்குள் 'ஃப்ரம் ஆன்லைன் சர்வீசஸ்' என்று சென்றால், சேல்ஸ்ஃபோர்ஸுக்கு 'ஆப்ஜெக்ட்ஸ்', 'ரிப்போர்ட்ஸ்' என இரண்டு வழிகளைக் காண்பீர்கள். எக்செல்லின் சில பதிப்புகளில் இவை இருக்காது. அப்போது எக்செல்லை வெளித் தரவோடு இணைக்கும் சிறு நிரலான ஓடிபிசி டிரைவர் ஒன்றை நிறுவ வேண்டும், அதுவும் 32 பிட் எக்செல்லுக்கு 32 பிட் டிரைவர், 64 பிட் எக்செல்லுக்கு 64 பிட் டிரைவர் என்று பொருந்த வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் பக்கத்தில் உங்கள் சந்தாவுக்கு ஏபிஐ அனுமதி (வேறு மென்பொருள் தரவை நேரடியாகக் கேட்டுப் பெறும் அனுமதி) உண்டா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: எண்டர்பிரைஸ் பதிப்பில் அது சேர்ந்தே வருகிறது, புரொஃபஷனல் பதிப்பில் தனியாகக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டியிருக்கும்.

இரண்டு வழிகளில் 'ரிப்போர்ட்ஸ்' எளிதாகத் தோன்றும், ஏனென்றால் ஏற்கெனவே நீங்கள் தயாரித்து வைத்த அறிக்கை அப்படியே வந்துவிடும். ஆனால் அந்த வழியில் 2,000 வரிகளுக்கு மேல் கிடைக்காது. மாத முதல் வாரத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்து, ஆர்டர் வரிகள் 2,000-ஐத் தாண்டிய பிறகு வரைபடம் உயராமல் நின்றுவிட்டால், விற்பனை குறைந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். ஆகவே மூலப் பதிவுகளை நேரடியாகத் தரும் 'ஆப்ஜெக்ட்ஸ்' வழியையே தேர்ந்தெடுங்கள். தேவையான புலங்களை (நெடுவரிசைகளை) மட்டும் வைத்துக்கொண்டு, நடப்பு நிதியாண்டின் ஆர்டர்கள் மட்டும் வருமாறு வடிகட்டும் படியைக் குவெரியின் (தரவைக் கேட்டு எடுக்கும் படிகளின்) தொடக்கத்திலேயே வையுங்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலும் வடிகட்டும் வேலை சேல்ஸ்ஃபோர்ஸ் பக்கத்திலேயே முடிந்து, தேவையான வரிகள் மட்டும் உங்கள் கணினிக்கு வரும்.

அடுத்து, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆண்டு ஆர்டர் வரிகள் 20,000 என்று வைத்துக்கொள்வோம். சேல்ஸ்ஃபோர்ஸ் ஓர் அழைப்புக்கு (ஏபிஐ வழியாகத் தரவைக் கேட்கும் ஒரு கோரிக்கைக்கு) வழக்கமாக 2,000 வரிகள் வீதம் அனுப்புவதால், ஒரு புதுப்பிப்புக்குக் குறைந்தது 10 அழைப்புகள் ஆகும். ஐந்து கணினிகள், நிமிடத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 10 மணி நேரம் என்றால் 30,000 அழைப்புகள். எண்டர்பிரைஸ் பதிப்பில் 24 மணி நேரத்துக்குக் கிடைப்பது அடிப்படையாக 1,00,000 அழைப்புகளும், பயனர் உரிமம் ஒன்றுக்கு 1,000 அழைப்புகளும். அந்த ஒதுக்கீட்டை உங்கள் இணையதள ஆர்டர் படிவம், கணக்கு மென்பொருள் இணைப்பு எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. அது தீர்ந்தால் வரைபடத்தோடு சேர்த்து அவையும் நின்றுபோகும். அதே வேலையை ஒரே கணினியிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை செய்தால் 400 அழைப்புகளே ஆகும். நாள் முழுவதும் வரும் ஆர்டர்களைப் பார்ப்பதற்கு 15 நிமிடம் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. கோப்பு திறந்திருக்கும்போது மட்டுமே இந்தக் கால இடைவெளி வேலை செய்யும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் வந்தும் வரைபடம் நகரவில்லை என்ற புகாரே என்னிடம் அதிகமாக வருகிறது. பவர் குவெரி தரவைத் தாளில் ஓர் அட்டவணையாக இறக்கி, அந்த அட்டவணையிலிருந்து பிவட் வரைபடம் (வரிகளைத் தொகுத்துக் காட்டும் வரைபடம்) போட்டிருந்தால், 'ரெஃப்ரெஷ் ஆல்' அழுத்தும்போது குவெரி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பிவட் பழைய வரிகளைப் படித்து முடித்துவிடும். கால இடைவெளியில் நடக்கும் புதுப்பிப்பிலோ குவெரி மட்டும் புதுப்பிக்கப்படும், பிவட்டை யாரும் தொடுவதே இல்லை. குவெரியின் பண்புகளில் 'எனேபிள் பேக்ரவுண்ட் ரெஃப்ரெஷ்' என்பதை நீக்கினால் முதல் சிக்கல் தீரும். இரண்டையும் சேர்த்துத் தீர்க்க, 'லோட் டு' சாளரத்தில் தரவைக் கோப்புக்குள்ளேயே உள்ள தரவுச் சேமிப்பான டேட்டா மாடலில் சேர்த்து, அதிலிருந்தே பிவட் வரைபடத்தை அமைப்பது நல்லது.

தேதியில் இன்னொரு கவனம் தேவை. சேல்ஸ்ஃபோர்ஸ் நேரத்தை யூடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில் அனுப்புகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. இரவு 2 மணிக்குப் பதிவான ஆர்டர் முந்தைய நாள் இரவு 8.30 என்று வந்து சேரும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை இரவில் பதிவு செய்யும் நிறுவனத்தில் இதனால் தினசரி வரைபடம் நாள்தோறும் சற்றுப் பிசகும், ஏப்ரல் 1 அதிகாலையில் பதிவானது மார்ச் 31-க்குப் போய் முந்தைய நிதியாண்டிலேயே சேர்ந்துவிடும். நேரத்தோடு கூடிய புலத்தைத் தேதியாக மாற்றுவதற்கு முன்பே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடுங்கள். நேரமில்லாத, தேதி மட்டும் கொண்ட புலங்களில் இதைச் செய்யக் கூடாது.

ஐந்து கணினிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சேல்ஸ்ஃபோர்ஸைத் தொடாமல் இருப்பதே முறை. இப்போதைக்கு ஒரு கணினி புதுப்பித்துப் பகிர்வு கோப்புறையில் சேமிக்க, மற்றவர்கள் படிக்க மட்டும் திறந்தால் போதும். ஆர்டர்கள் பெருகினாலோ, எக்செல்லுக்குப் பதிலாகச் சொந்தமாக எழுதிய விண்டோஸ் நிரலில் வரைபடம் காட்ட நினைத்தாலோ, அலுவலகக் கணினி ஒன்றில் சிறிய தரவுத்தளம் வைத்து, சேல்ஸ்ஃபோர்ஸில் கடைசியாக மாறிய பதிவுகளை மட்டும் அதில் இழுத்துச் சேர்க்கலாம். வரைபடங்கள் அந்தத் தரவுத்தளத்தையே பார்க்கும். இணையம் அறுந்தாலும் கடைசி எண்கள் திரையில் இருக்கும். இந்த முறையில் நீக்கப்பட்ட ஆர்டர்களைத் தனியே கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நீக்கிய ஆர்டரும் மொத்தத்தில் தொடர்ந்து நிற்கும். சேல்ஸ்ஃபோர்ஸின் ரீசைக்கிள் பின்னில் அவை பொதுவாக 15 நாட்களே இருப்பதால், அந்த வேலையை வாரக்கணக்கில் தள்ளிப்போட முடியாது.

இணைப்புக்கு உங்கள் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தாமல், ஆர்டர் பதிவுகளைப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்கச் சொல்லுங்கள். பவர் குவெரி கடவுச்சொல்லைக் கணினியில் வைக்கிறதே தவிர, கோப்புக்குள் வைப்பதில்லை. ஆனால் இறக்கிய வரிகள் கோப்பிலேயே இருப்பதால், அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் வாடிக்கையாளர் விவரங்களும் அதோடு போகும். எனவே வாடிக்கையாளரின் தொலைபேசி எண், முகவரி போன்ற புலங்களைக் குவெரியிலேயே நீக்கிவிடுங்கள். வரைபடத் தலைப்பை ஒரு கலத்தோடு இணைத்து, கடைசியாகப் புதுப்பித்த நேரத்தை அதில் காட்டுங்கள். இணைப்பு மதியம் 12 மணிக்கே நின்றிருந்தால், 4 மணிக்குப் பார்ப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.