தளவாடங்களோடு வரும் விடுமுறை வீடு: விலையைப் பிரித்து எழுதலாமா?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர், பினாங்குத் தீவின் பத்து பெரிங்கியில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடொன்றைத் தளவாடங்களோடு 650,000 ரிங்கிட்டுக்குப் பேசி முடித்திருக்கிறார். ஒப்பந்தத்தில் வீட்டுக்கு 600,000, தளவாடங்களுக்கு 50,000 என்று பிரித்து எழுதினால் முத்திரை வரி குறையும் என்று விற்பவர் சொல்கிறாராம். சம்மதிக்கலாமா என்பது அவர் கேள்வி.

அந்த 50,000 தளவாடங்களின் உண்மையான இன்றைய மதிப்பாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். மலேசியக் குடிமக்கள் செலுத்தும் முத்திரை வரி, முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 3 என்று ஏறுகிறது. 650,000க்கு 13,500 ரிங்கிட், 600,000க்கு 12,000 ரிங்கிட்; மிச்சமாவது 1,500 மட்டுமே. ஒப்பந்த விலை, சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன்மீதே வரி கணக்கிடப்படுவதால், அந்த 1,500கூட உறுதியில்லை.

இழப்போ பெரிது. வீட்டுக்கடன் வீட்டுக்குத்தான், சோபாவுக்கும் கட்டிலுக்கும் வங்கி கடன் தராது. 90 விழுக்காட்டுக் கடன் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், 585,000 கிடைக்க வேண்டிய இடத்தில் 540,000தான் கிடைக்கும். மீதி 45,000 ரிங்கிட்டை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். நாளை விற்கும்போது உங்கள் கொள்முதல் விலை 600,000 என்றே பதிவாகியிருக்கும் என்பதால், இல்லாத ஆதாயத்துக்கும் சொத்து ஆதாய வரி கட்ட நேரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் அது 30 விழுக்காடு. இதே கணக்கு விற்பவருக்கு நேர்மாறாக வேலை செய்கிறது: அவர் வீட்டை வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேளுங்கள். ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு இந்த வரி இல்லை. அதற்கு முன்பு விற்கிறார் என்றால், பிரித்து எழுதுவதன் பலன் பெரும்பாலும் அவருக்கே போகிறது. பொய்யான பிரிவினையில் கையொப்பமிட்டால் பொறுப்பு மட்டும் இருவருக்கும்.

சுவரோடு பொருத்திய சமையலறை அலமாரியும் துணி அலமாரியும் வீட்டின் பகுதியாகவே கருதப்படுபவை. அவற்றைத் தளவாடக் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது. எடுத்துச் செல்லக்கூடியவற்றை நேரில் பாருங்கள். பத்து பெரிங்கியின் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது: பால்கனியில் ஏர்கோன் வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டத்தைக் கையால் தொடுங்கள், துருப்பொடி விரலில் ஒட்டுகிறதா பாருங்கள், மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு பொருளையும் பிராண்டு, வரிசை எண், படம் ஆகியவற்றோடு பட்டியலிட்டு, அப்பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். "எல்லாத் தளவாடங்களும் உட்பட" என்ற ஒற்றை வரி போதவே போதாது. 10 விழுக்காடு முன்பணம் கட்டிய பிறகு மீதியைச் செலுத்த வழக்கமாக மூன்று மாதங்கள் உண்டு. அந்த இடைவெளியில் புதிய குளிர்பெட்டி போய்ப் பழையது வந்து நிற்பதற்கு வாய்ப்பிருக்கிறது. பொருள்கள்மீது தவணைக் கடன் பாக்கி இல்லை என்ற உறுதிமொழியையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு சிறு தொகையை வழக்கறிஞரிடமே நிறுத்திவைத்து, சாவி கைமாறும் நாளில் பட்டியலோடு வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே விடுவிக்க வேண்டும் என்ற விதியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.